நரம்பும் அறிவானும்



அறிவென்பது நரம்பின் தொழிலே. நரம்பு கெடின் அறிவுங் கெடும். ஆதலின் உடம்பின் வேறாய் ஆன்மாவென ஒன்று உண்டென்பது முன்னையோர் கொண்ட மயக்கம் என்று உரைப்பார் இந்நாளிற் பலராயினர். கல்லூரியிற் பயிலும் இளைஞர் நம் மனைகளிலேயே இருந்துகொண்டு இதனைக் கூறுகின்றனர். அவர்க்கு விடை கூறப் புகும் நம்மவர் பெரும்பாலும் இருதிறத்தாராவர். ஒருசாரார், நாத்திகம் பேசுகின்றாய் எனச் சினந்து எழுந்துபோவர். மற்றொருசாரார், நம் யோக நூல்கள் கூறும் இடைகலை பிங்கலை சுழுமுனைகளே மேனாட்டார் கண்ட நரம்புகள் என்றும், 72,000 நாடியென்றது அவற்றின் தொகையே என்றும் கூறி மகிழ்வர். இவ்விரண்டும் நேரிய விடையாகா. யோகி தியானத்திற் கொள்ளும் நாடி வேறு. மருத்துவன் அறுத்துக் காணும் நரம்பு வேறு. 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி மாந்தர் மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள. தொகையொப்புமை காட்டி வெல்லக் கருதுவார் இங்கே என் செய்வர்?

பிறர் கூற்றினை முற்றக் கேளாது மறுக்கப் புகுதல் நம் ஆசிரியர் மரபன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலோகாயதன் கொள்கையை முதற்கண் விரித்துரைத்துப் பின்னரே மறுக்கப் புகுந்தார். யாமும் அவ்வழியே நின்று, நரம்பாவது யாது, அது செய்தியைக் கொண்டுசெல்லுமாறு எங்ஙனம் என்பதனை முன்னர் அறிவோமாக.

நரம்பு என்னுஞ் சொல்லைப் பற்றி ஒன்று கூறிவிடல் நன்று. பழைய இலக்கியத்தில் இஃது யாழின் தந்தியைக் குறிக்கும். ஊர்ப்புறத்தாரோ புறங்கையிற் பசிய நிறத்தோடு புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயையும் நரம்பென்றே வழங்குவர். ஈண்டு யாம் கூறுவது அக்குருதிக்குழாயை அன்று. மூளையினின்றும் முதுகுத்தண்டினின்றும் புறப்பட்டு உடலெங்கும் பரந்து கிடக்கும் வெண்ணிறமான இழைத்தொகுதியையே நரம்பென்கின்றோம். ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீண்ட வால் போல்வது. இடுப்பளவில் முதுகுத்தண்டினுள்ளே இருக்கும் அணுவொன்றின் வால் பாதம்வரை நீண்டு செல்வதும் உண்டு.

இவ்விழையின் வழியே செல்வது யாது? பண்டை மேனாட்டார் ஒருவகை நுண்ணிய ஆவியே குழாய்வழி ஓடுகின்றதெனக் கருதினர். இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்துக் கால்வானி என்பார், தவளையின் கால் மின்னால் துடித்தலைக் கண்டு 1791 இல் அதனை நூலாக்கினார். அதன் பின்னர் மின்னே அஃதென்று பலர் துணிந்தனர். மின்னாயின் அது கணப்பொழுதிற் சென்றடைதல் வேண்டும். அதன் விரைவை அளத்தல் மாந்தர்க்கு இயலாதெனச் செருமனி நாட்டுப் பேராசிரியர் யோகன்னசு முல்லர் கருதினார். அவர் மாணாக்கராகிய எல்மோல்ட்சு என்பாரோ 1850 இல் அதனை அளந்தே காட்டிவிட்டார். தவளையின் நரம்பைத் தசைக்கு அணித்தாக ஓரிடத்தும், சேய்த்தாக ஓரிடத்தும் தூண்டித் தசை சுருங்குங் காலத்தின் வேற்றுமையைக் கணித்தார். நொடியொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்பது விளங்கிற்று. ஒலியின் விரைவில் இது பத்திலொரு பங்கும் இல்லை. மின் செம்புக்கம்பியிற் செல்வது போல இச்செய்தி செல்லவில்லை என்பது அன்றே புலனாயிற்று.

தவளை முதலியவற்றை வதைத்து அறிந்தவை இவை. உயிர்வதை நமக்கு உடன்பாடன்று; ஆயினும் அதன்வழிக் கண்ட உண்மையை இல்லையென மறைத்தலும் நமக்கு அடாது.

செய்தி செல்லும் முறையை முற்ற விளக்கியவர் ஆங்கில நாட்டு ஒட்சுகின், அக்சுலி என்னும் இருவர். கணவாய் என்னுங் கடலுயிரின் உடலில் அரை மில்லிமீட்டர் அளவு பருத்த நரம்பிழை ஒன்றுண்டு. பிளிமத் நகரத்துக் கடலாய்வு நிலையத்தில் 1939 இல் அதனுள்ளே மெல்லிய மின்வாயைச் செலுத்தி அளந்தனர். போர் மூண்டமையால் ஆராய்ச்சி இடையறவுபட்டது. 1952 இல் அது நிறைவெய்தி வெளிவந்தது. அவர் கண்டதனைச் சுருங்கக் கூறுவல். நரம்பிழையின் புறத்தே சோடியம் என்னும் உப்புக்கூறு மிக்கிருக்கும். அகத்தே பொட்டாசியம் மிக்கிருக்கும். இடையிலுள்ள மெல்லிய சவ்வின் உட்புறம் புறத்தை நோக்க 70 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் உடையதாய் வாளா இருக்கும். தூண்டுதல் ஓரெல்லையைக் கடப்பின், சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கும், சோடியம் உட்புகும், அவ்விடத்து உட்புறம் நேர்மின்னாக மாறும். அம்மாற்றம் அடுத்துள்ள வாயில்களைத் திறப்பிக்கும். முன்னர்த் திறந்தவை மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கும். ஓரிடத்தில் இவையெல்லாம் நிகழ்வது நொடியில் ஆயிரத்திலொரு கூறளவிலேயாம்.

கார்த்திகைத் தீபத்தன்று திண்ணையில் நெருக்கமாக அகல்களை நிரல்பட வைத்து, முதல் அகலை மட்டும் ஏற்றி, அதன் சுடர் அடுத்த திரியைப் பற்ற, அது அதற்கடுத்ததைப் பற்ற விடுவதாகக் கொள்ளுங்கள். கடைசி அகல் முதல் அகலைப் போலவே ஒளிவிடும்; எத்துணைத் தொலைவு சென்றும் சுடர் மெலியாது. என்னை? ஒவ்வோர் அகலும் தன் எண்ணெயைக்கொண்டே எரிதலான் என்க. நரம்பிற் செல்வதும் இத்தகையதே. பொருளொன்றும் அடியினின்று முடிக்கு ஓடவில்லை. பற்றுதல் ஒன்றே ஓடுகின்றது. எரிந்த அகலிற் கணந்தோறும் எண்ணெய் பெய்து வைப்பதற்கும் ஓர் ஏற்பாடுண்டு. சவ்விலுள்ள இறைப்பொறியொன்று மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உட்கொணர்ந்து ஓயாது உழைக்கின்றது. உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாகிய மூளை, நாம் வாளா இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது பங்கு கொள்ளுதற்கு இவ்வுழைப்பு ஒரு பெருங்காரணம்.

சில இழைகள் கொழுப்புப் போர்வையுடையன. அவற்றிற் செய்தி இடைவெளிதோறும் தாவிச்செல்லும். நொடிக்கு 100 மீட்டரும் அதனின் மிக்கும் விரையும். போர்வையில்லாத மெல்லிழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவே ஊர்ந்துசெல்லும். வயல்வரப்பில் முள் தைத்தவர் இதனை அறிவர். முதலிற் சுருக்கென ஒரு நோவு; சிறிதுபொழுது கழித்து எரிச்சலோடு கூடிய மந்தமான மற்றொரு நோவு. முன்னது விரைந்த இழைவழி வந்தது. பின்னது மெல்லிழைவழி வந்தது. இவற்றினும் வியத்தக்கது வேறொன்றுண்டு. நோவை அறியுமுன்னரே கால் மேலெழுந்துவிடும்! முள் தைத்த செய்தி முதுகுத்தண்டினை எய்தியவுடனே ஆண்டிருந்து தசைக்குக் கட்டளை பிறந்துவிடுகின்றது. 'யான் காலை எடுத்தேன்' என்பதனினும் 'கால் எடுபட்டது, நோவை யான் அறிந்தேன்' என்பதே உண்மைக்குப் பொருந்தும். கருவியின் செயல் எவ்வளவு, அறிவானது அறிவு எவ்வளவு எனப் பகுத்துக் காண விழைவார்க்கு ஒரு முள்ளே போதும்.

இனி, ஒரு நரம்பணுவினின்று மற்றொன்றற்குச் செய்தி கடக்குமாறு உரைப்பாம். இசுப்பானிய நாட்டுக் காகால் என்பார் நரம்பணுக்கள் தனித்தனியானவை, ஒன்றோடொன்று ஒட்டியன அல்ல என்றார். இத்தாலிய நாட்டுக் கோல்கி என்பார் எல்லாம் ஒரே வலை என்றார். காகால் கண்டதோ கோல்கி வகுத்த சாயமுறையைக் கொண்டே. 1906 இல் இருவர்க்கும் ஒரே நோபெல் பரிசிலைப் பகிர்ந்தளித்தனர். பரிசில் பெற்ற மேடையிலும் கருத்து ஒன்றுபடவில்லை. காகால் கூற்றே பின்னர் நிலைபெற்றது. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு சிறு வெளியுண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறிட்டால் ஒரு கூறளவு வரும். அகலின் சுடர் ஆண்டுத் தாவுவதில்லை. ஓலை கொணர்ந்த ஆள் ஆற்றங்கரையில் நின்று தோணியில் அதனை அனுப்புமாறு போல, நரம்பின் முனை ஒரு இரசாயனப் பொருளை அவ்வெளியிற் சொரிகின்றது. அப்பாலுள்ள அணு அதனை ஏற்கின்றது. ஆசுத்திரிய நாட்டுக் கிராசு நகரத்தில் 1921 இல் ஓட்டோ உலூவி என்பார் இதனைத் தெளிவித்தார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, ஒன்றன் நரம்பைத் தூண்ட அதன் துடிப்பு மெலிந்தது. அது தோய்ந்திருந்த நீரை நரம்பு நீக்கிய மற்றோர் இதயத்திற் பெய்தார்; அதுவும் மெலிந்தது. கட்டளை நீரிற் கரைந்து வந்தது! இச்சோதனை தமக்குக் கனவிற் தோன்றியதென்றும், முதல்நாள் இரவு எழுதிவைத்த குறிப்பு விடிந்தபின் தமக்கே வாசிக்க இயலாதிருக்க, மறுநாள் இரவு மீண்டுந் தோன்றியதென்றும் அவரே உரைத்துள்ளார்.

இவ்வாறு வரும் பொருள்களுட் சில அணுவைத் தூண்டும், சில அடக்கும். ஓரணுவிற்கு ஆயிரக்கணக்கான முனைகளினின்று இவை வருமாதலின், அனைத்துங் கூட்டிக் கழித்து எல்லையைக் கடப்பின் அவ்வணு எரியும். கடவாதாயின் வாளா இருக்கும். பாதி எரிதல் என்பதில்லை. தூண்டுதல் வலிதாயின் அடிக்கடி எரியும். மெலிதாயின் அருகி எரியும். ஆங்கில நாட்டு ஏட்ரியன் என்பார் 1926 இல் தனியிழையிற் கண்ட இதனை, எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகக் கொள்ளுகின்றோம்.

அஃதென்னை? கண்ணினின்று செல்லும் நரம்பிலும் இத்துடிப்பே. செவியினின்று செல்லும் நரம்பிலும் இத்துடிப்பே. தீச்சுட்ட விரலினின்று செல்வதிலும் இத்துடிப்பே. நிறத்திற்கொரு துடிப்பு, இசைக்கொரு துடிப்பு என்பது இல்லை. மூடிய கண்ணின் கடையை விரலால் மெல்ல அழுத்தினால் இருளினுள்ளே ஓர் ஒளிவட்டம் தோன்றும். ஒளி ஆண்டில்லை, அழுத்தமே உண்டு. ஆயினும் கண்ணரம்பின்வழிச் சென்றது ஒளியாகவே அறியப்பட்டது. உட்செவி கெட்டார்க்கு இக்காலத்தே சிறு கருவியொன்றைப் பொருத்திச் செவிநரம்பில் மின்துடிப்புக்களை எழுப்புகின்றனர். பிறவிச்செவிடான குழந்தைகளும் அதனாற் பேச்சுக் கேட்கக் காண்கின்றோம். எனவே நரம்பு கொண்டுசெல்வது நிறத்தையுமன்று, ஒலியையுமன்று. ஓலை சுமந்த ஆள் ஓலையிலுள்ளதை அறியான்.

அற்றேல், வேற்றுமை எவ்வாறு தோன்றிற்று எனின், துடிப்பு மூளையில் எப்பகுதியை எய்துகின்றதோ அதற்கேற்பத் தோன்றுமென நரம்பியலார் கூறுவர். கூறுவது உண்மையே, பிடரிப்பக்கத்து மூளை சிதைந்தவர் கண் பழுதின்றியிருந்தும் காணமாட்டார். ஆனால் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. மாம்பழத்தின் நிறம் ஓரிடத்தே சேர்கின்றது, மணம் வேறோரிடத்தே, சுவை பிறிதோரிடத்தே. நிறங் கண்டேனும் யானே, மணம் நுகர்ந்தேனும் யானே, சுவைத்தேனும் யானே என்று மூன்றையும் ஒருவனே கூறுகின்றானன்றோ? இவ்வொருமை எங்ஙனம் அமைகின்றதென்பது நரம்பியலார் இன்றளவும் ஆராய்ந்துகொண்டிருக்கும் பொருள். மெய்கண்ட தேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மாவின் உண்மையை நிறுவுமிடத்து எடுத்துக்கொண்ட ஏதுக்களுள் ஒன்றும் இதுவே: ஒரு பொறி அறிந்ததனை மற்றொரு பொறி அறியாது, ஐந்தனையும் அறிவது ஒன்றுண்டு. கூட்டிக் கழித்துத் துணியும் நரம்பணுவே அறிவானாகாதோ எனின், துலாக்கோலும் இருபுறத்து நிறையையும் ஒப்பிட்டு ஒருபாற் சாய்கின்றது. கனமிதுவென அஃது அறிந்ததென்று யாரும் கூறார்.

இவ்விடத்து எதிரி தன் வலிய படைக்கலத்தை எடுப்பன். "1846 இற் பாசுடன் நகரத்திலே ஈதர் என்னும் ஆவியை மோந்தவன் கழுத்திற் கத்தி பட்டும் நோவறியாது கிடந்தானே, நும் ஆன்மா அப்பொழுது எங்கே போயிற்று? ஒரு மூச்சு ஆவிக்கு அஞ்சி ஓடுவதொன்றோ நும் அறிவான்?" என்பன். மனத்தையே ஆன்மாவெனக் கொண்டார்க்கு இவ்வினா பேரிடர் விளைக்கும். பிரெஞ்சு நாட்டுத் தெக்கார்த்தர் முதலாயினார் எண்ணுதலையே ஆன்மாவின் இயல்பெனக் கொண்டனராதலின், எண்ணம் ஒழிந்தவழி ஆன்மாவும் ஒழிந்ததோவென்னும் ஐயம் அவர் வழியினரைப் பற்றிற்று. நமக்கு அவ்விடர் இல்லை. மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியம், சடம் என்பது நம் துணிபு. அமைச்சரோடு கூடி அரசன் காரியம் நடத்துமாறு போல ஆன்மா அவற்றோடு கூடியே அறியுமென்பது நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. கருவிகளை ஒருவியவிடத்து ஆன்மா தானாக யாதும் அறியாது, ஆணவ இருளில் மூழ்கிக் கிடக்கும். அந்நிலையைக் கேவலம் என்ப. ஆதலின் நரம்பு ஓய்ந்தவழி அறிவு நிகழவில்லை என்று காட்டுவான் நம் கொள்கையை மறுத்தானல்லன். அதன் ஒரு கூற்றிற்கு எடுத்துக்காட்டுத் தந்தான். இருளறையிற் கிடப்பான் கைவிளக்கு அவிந்தவுடன் ஒன்றுங் காணான். அதுகொண்டு விளக்கே கண்ணென்பார் உளரோ? விளக்கவிந்தும் கண் உளதென்பதனை அவ்விருளே நிறுவாது. வேறு ஏதுக் கொண்டே நிறுவுதல் வேண்டும். அவ்வேதுக்களைச் சூத்திரம் தந்துள்ளது. நரம்பியல் ஆன்மாவை நிறுவிவிட்டதென மேடையேறி முழங்குவாரோடு யாம் சேரோம்.

ஆயின் இவ்வாராய்ச்சியெல்லாம் ஏட்டளவினதோ எனின், அன்று. நம் மனைகளிற் பக்கவாதமும் வேறு நோய்களும் உற்று நாவெழாது, கையசையாது கிடப்பார் உளர். 'அவருக்கு ஒன்றுந் தெரியாது' என்று கட்டிலருகே நின்றே நிலபுலத்தைப் பங்கிட்டுப் பேசும் மக்களை யாம் கண்டதுண்டு. பெற்ற தாயின் தலைமாட்டில் நின்று இன்னும் எத்தனை நாளோ என்று சலித்துக்கொண்டாரையும் கேட்டதுண்டு. அசைவின்மையை அறிவின்மைக்கு அடையாளமாகக் கொண்டதால் வந்த கொடுமை இது.

தென்னமெரிக்கக் காட்டுவாணர் அம்பில் தோய்க்கும் குராரே என்றொரு நஞ்சுண்டு. நரம்பு தசையைத் தொடும் அச்சிறு வெளியில் நின்று, இரசாயனத் தூதை ஏற்கவொட்டாது அஃது அடைத்துவிடும் என்பதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார். நரம்புங் கெடவில்லை, தசையுங் கெடவில்லை, இடையிலே வழக்கு அற்றது என்று சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுவிலேயே அவர் கண்டார். 1942 முதல் அறுவை மருத்துவர் தசைகளைத் தளர்த்த அதனைக் கொள்ளலாயினர். அசைவற்றுக் கிடப்பவர் அறிவும் அற்றுக் கிடக்கின்றாரோ என்னும் ஐயம் அப்பொழுது எழுந்தது. அதனைத் தீர்க்க அமெரிக்க நாட்டு யூட்டாவைச் சேர்ந்த சுமித் என்னும் மயக்க மருத்துவர் 1947 இல் வெளிவந்த சோதனையொன்றிற்குத் தம்மையே ஆளாக்கினார். மூச்சுத்தசையும் ஓயுமளவினும் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டார்; துணைவர் செயற்கையாக மூச்சூட்டினர். விரலசையவில்லை, இமையசையவில்லை. பிணம் போலக் கிடந்தார். மருந்தின் வேகம் தணிந்தபின், தம்மைச் சூழ்ந்தார் பேசியதனையும் செய்ததனையும் தமக்குற்ற நோவினையும் குறைவின்றி எடுத்துரைத்தார். கன்மேந்திரியம் அனைத்தும் அடைபட்டும் ஞானேந்திரியம் திறந்தேயிருந்தது. இச்சோதனையில் மூளையின் தொழில் நின்றிலதாதலின், ஆன்மா மூளையின் வேறென்று இதனாற் துணிதல் கூடாது. அசையாமை அறியாமைக்குச் சான்றாகாதென்று துணிதல் கூடும். கட்டிலருகே நிற்பார்க்கு வேண்டுவதும் அதுவே.

இதனினும் ஆழ்ந்த நிலை ஒன்றுண்டு. விழித்த கண்ணோடு கிடந்தும், அழைத்தால் யாதொரு குறியும் காட்டாதாரை, உணர்வற்றவரென்றே மருத்துவர் வகுத்து வைப்பர். விபத்தில் மூளை ஊறுபட்டு ஐந்து திங்களாக இவ்வாறு கிடந்த 23 அகவைப் பெண்ணொருத்தியைக் கேம்பிரிட்சு நகரத்தார் காந்தப் படக்கருவியினுள் வைத்து, 'பந்தாடுவதாக எண்ணுக' என்றும் 'நின் வீட்டின் அறைகளிலே நடப்பதாக எண்ணுக' என்றும் மாறிமாறிக் கூறினர். நலமுடையார் மூளையில் எவ்வெவ்விடங்கள் அவ்வெண்ணங்களால் எழுமோ அவ்வவ்விடங்களே அவள் மூளையிலும் எழுந்தன. 2006 இல் இது வெளிவந்தது. பின்னர் அவரும் பெல்சிய நாட்டு இலியேசு நகரத்தாரும் கூடி, பேசவோ செய்தி தெரிவிக்கவோ இயலாத 54 பேரை இம்முறையிற் சோதித்து 2010 இல் வெளியிட்டனர். ஐவர் மூளை கட்டளைக்கு இசைந்து எழுந்தது. ஏனை 49 பேர் பால் யாதும் புலப்படவில்லை. புலப்படாமையால் இல்லையென்று அவரும் கூறிற்றிலர்.

அவ்வைவருள் ஒருவரிடம் வினாக்களும் தொடுத்தனர். ஆம் என விடை கூறவேண்டின் பந்தாட்டத்தை எண்ணுக, அன்று எனக் கூறவேண்டின் வீட்டினுள் நடப்பதனை எண்ணுக என்று ஏற்பாடு செய்துகொண்டு, தந்தையின் பெயர் இன்னதா என்பது போன்ற ஆறு வினாக்களைக் கேட்டனர். ஆண்டுக்கணக்காக ஒருவரோடும் ஒரு சொல்லும் பரிமாறாது கிடந்த அம்மகன் ஐந்தனுக்குச் சரியான விடை தந்தான்.